செம்மண் சீமைச் சித்திரம்

வங்காளத்துக்குப் போகும் தமிழர்கள் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்துவிட்டுத் திரும்புவது வழக்கம். காளிகட்டத்தில் அம்மனைத் தரிசிப்பார்கள். பேலூர் மடத்துக்குப் போய்க் கங்கைக் கரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ரஸகுல்லாவை டின்னில் அடைத்து வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் உற்சாகம் உள்ளவர்கள் சாந்திநிகேதனம் வரையில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுண்டு. பாங்குரா ஜில்லாவுக்கு மட்டும் யாரும் போவதாகத் தெரியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் கல்கத்தாக்காரர்களே சற்று யோசித்துவிட்டு, "செம்மண் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மண் குதிரை இருக்கிறது" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் செம்மண்ணையும் மண் குதிரையையும் பார்ப்பதற்கென்றே நான் சென்றதற்குக் காரணம் என் தமையனாரின் புதல்வி.

அவள் சித்திரப் பள்ளியில் படித்துத் தேறியவள். புகைப்படத்தைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் உருவப்படம் எழுதுவதில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். காலஞ்சென்ற தாத்தாக்களும், அறுபதாம் கலியாணத் தம்பதிகளும் அவள் தூரிகையினால் பதினைந்து வயது குறைந்து, கன்னத்தில் ரத்தமேறி, பல பேருடைய கூடங்களில் கொலு வீற்றிருக்கிறார்கள். பணமும் வருகிறது. இருந்தாலும் ஒரு வருஷ காலமாக அவளுக்கு ஒரு மனக்குறை. "சித்தப்பா! கை எழுதிக்கொண்டே போகிறது. ஆனால் எழுதுகிறது நான்தான் என்று எனக்கே தோன்றவில்லை" என்று ஒரு நாள் சொன்னாள். இதற்கு நான் என்ன பதில் சொல்லுவது? எனக்கு நேர்க்கோடு போடுவதற்கே அடிக்கோல் வேண்டும். ஆனால் இதே மனக்குறையினால் நூறு வருஷத்துக்கு முன்பு கஷ்டப்பட்ட ஒருவரைப் பற்றி நான் படித்திருந்தேன். "அவருடைய ஊரைப் பார்த்துவிட்டு வரலாம், புறப்படு" என்றேன்.

ஜாமினி ராய் 1887-ம் ஆண்டில் பாங்குரா ஜில்லாவிலுள்ள பெலியாதோர் என்னும் கிராமத்தில் பிறந்தவர். ஓரளவு நிலபுலன் உள்ள குடும்பம். 1903-ல், பதினாறாவது வயதில், கல்கத்தா சர்க்கார் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் அப்போது இரண்டு விதமான காற்று வீசிக்கொண்டிருந்தது. மேனாட்டு முறைப்படி சதையையும் எலும்பையும் நிழலையும் வெளிச்சத்தையும் அளந்து எழுதும் பயிற்சி ஒருபுறம். அவனீந்திரநாத டாகுரும் அவருடைய சீடர்களும் அஜந்தாவையும் மொகலாயச் சித்திரங்களையும் தேடிப் புறப்பட்ட சுதேசி வேகம் மற்றொருபுறம். ஜாமினி ராய் முதலாவதில் கைதேர்ந்தார். இரண்டாவதையும் சிறிது ருசி பார்த்தார். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் உருவப்படம் எழுதிச் சம்பாதித்தார். கனவான்கள் அவரைத் தேடி வந்தார்கள். அப்படியே போயிருந்தால் ஒரு நல்ல வீடும், வண்டியும், அச்சடித்தாற் போன்ற முந்நூறு நானூறு முகங்களுமாக அவருடைய வாழ்க்கை முடிந்திருக்கும். நமக்கும் அவர் பெயர் தெரிந்திராது.

முப்பத்தைந்து வயது தாண்டும் சமயத்தில், 1920-களில், அவர் அதையெல்லாம் நிறுத்தினார். வருமானம் வந்துகொண்டிருந்த தொழிலைக் குடும்பஸ்தர் ஒருவர் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது குடும்பஸ்தர்களுக்குத்தான் தெரியும். வறுமை வந்தது. வராமல் என்ன செய்யும்?

இனி பிரயாணத்தைச் சொல்லுகிறேன். அதிகாலையில் ஹௌராவில் ரயில் ஏறினோம். கரக்பூர் வரையில் பச்சை வயலும், குளமும், வாழையும், தென்னையுமாக நம் தஞ்சாவூர் ஜில்லாவைப் போலவே இருக்கிறது. மேதினிபூரைத் தாண்டிய பிறகு பூமியின் நிறம் மாறிவிடுகிறது. யாரோ குங்குமத்தைக் கொட்டி நீரைத் தெளித்தாற்போல் மண் சிவந்து கிடக்கிறது. அந்தச் சிவப்புக்கு நடுவில் சால மரக்காடுகள் திட்டுத் திட்டாக நிற்கின்றன. தால்மா மலைப் பக்கத்திலிருந்து காட்டு யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளுக்கு வந்து போவது உண்டு என்று எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். நெல் பழுக்கும் சமயம் பார்த்து வருமாம். யானைக்கும் பஞ்சாங்கம் தெரிகிறது!

முதலில் விஷ்ணுபூரில் இறங்கினோம். வங்காளிகளுக்கு 'வ' என்ற எழுத்தோடு நெடுநாளாக விரோதம் ஆகையால், அவர்கள் வாயில் அது 'பிஷ்ணுபூர்' ஆகிவிடும். மல்ல அரசர்கள் ஆண்ட தலைநகரம் இது. பீர் ஹம்பீர் என்னும் அரசர் ஸ்ரீநிவாஸ ஆசாரியரிடம் உபதேசம் பெற்று வைஷ்ணவரானதும், அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கிருஷ்ணனுக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். நம்முடைய பக்கத்துச் சிற்பிகளைப்போல் மலையைக் குடைவதற்கும் கருங்கல்லைச் செதுக்குவதற்கும் அங்கே வசதியில்லை. இருந்தது செம்பூராங்கல்லும் ஆற்று மண்ணுமே. "கல் இல்லாவிட்டால் என்ன? மண் இருக்கிறதே!" என்று அவர்கள் மண்ணைப் பிசைந்து, தட்டையாக்கி, அதில் உருவங்களை அமைத்து, சூளையில் சுட்டு, கோயில் முழுவதையும் அந்த ஓட்டுச் சிற்பங்களினாலேயே போர்த்திவிட்டார்கள்.

கோயிலின் கூரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது கோயிலாகவே தெரியவில்லை. மூங்கிலை வளைத்து வைக்கோல் வேய்ந்த குடியானவன் குடிசை எப்படி இருக்குமோ, அதே வளைவு. 1655-ல் ரகுநாத சிம்மன் கட்டிய ஜோர் பங்களாக் கோயில் என்பது இரண்டு குடிசைகளை ஒட்டி வைத்து, மேலே ஒரு சிறு சிகரத்தை நட்டதுதான். அரசன் கட்டிய கோயிலுக்கு ஏழையின் கூரை! சிரிப்பு அடங்கிய பிறகு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவரை நெருங்கினால் அப்புறம் நகர முடியாது. இராமாயணம் நடக்கிறது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், வேட்டைக்காரர்கள் புலியைத் துரத்துகிறார்கள், துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் படகில் போகிறார்கள். புராணத்துக்கும் அன்றாட உலகத்துக்கும் நடுவில் வரப்பு எதுவும் கிடையாது. 1643-ல் கட்டிய சியாம ராயர் கோயிலில் ராஸமண்டலம் ஒன்று இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாகக் கோபிகைகள் கைகோத்து ஆடுகிறார்கள். என் தமையனார் மகள் சிற்பங்களைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, நிறுத்திவிட்டாய்?" என்றேன்.

"நிழல் போட்டு எழுதினால் இது சரியாக வரவில்லை, சித்தப்பா. இதில் உடம்பே இல்லை. கோடுதான் இருக்கிறது. முகமெல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது. கண் மட்டும் நேரே பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் இப்படி எழுதியிருந்தால் தப்பு என்று அடித்திருப்பார்கள்" என்றாள்.

ஜாமினி ராயின் சித்திரங்களை அச்சிலாவது பார்த்திருக்கும் நேயர்களுக்கு அந்தக் கண் உடனே நினைவுக்கு வரும். மீன் போல நீண்டு, காதைத் தொடுவதுபோல் விரிந்து, பார்க்கிறவரை விடாமல் பார்க்கும் கண்.

ராஸமஞ்சம் என்ற கட்டடத்தை 1600-ம் ஆண்டை ஒட்டிப் பீர் ஹம்பீர் கட்டியதாகச் சொல்லுகிறார்கள். அதற்குள் மூர்த்தி இல்லை. ராஸ உற்சவத்தின்போது ஊரிலுள்ள எல்லாக் கோயில்களின் கிருஷ்ணனும் ராதையும் எழுந்தருளி இங்கே கூடுவார்களாம். 1932 வரையில் அது நடந்திருக்கிறது. இப்போது அந்த வளைவுகளுக்கிடையில் உலாவிக்கொண்டிருப்பது புறாக்களும் பள்ளிப் பிள்ளைகளுமே. ஊருக்குள் தளமாதள் என்று ஒரு பெரிய இரும்புப் பீரங்கி கிடக்கிறது. பன்னிரண்டு அடிக்கு மேல் நீளம். மராட்டிய குதிரைப்படை வந்து ஊரை முற்றுகையிட்டபோது மதனமோகப் பெருமாளே வந்து இந்தப் பீரங்கியைச் சுட்டு எதிரிகளைத் துரத்தினார் என்பது ஐதிகம். அப்பேர்ப்பட்ட மதனமோகரையே பிற்காலத்து மல்ல அரசர் ஒருவர் கடன் தொல்லை தாங்காமல் கல்கத்தாவில் பாக்பஜாரைச் சேர்ந்த ஒரு செல்வரிடம் அடகு வைத்துவிட்டார் என்றும், மூர்த்தி திரும்பி வரவேயில்லை என்றும் கதை சொல்லுகிறார்கள். பாங்குராவிலிருந்து போன ஜாமினி ராயும் கல்கத்தாவில் அநேக வருஷங்கள் குடியிருந்தது இதே பாக்பஜார்ப் பகுதியில்தான். சுவாமி போன வழியே சித்திரக்காரரும் போனார் போலும்!

விஷ்ணுபூரில் இன்னொரு அதிசயம் சீட்டுக்கட்டு. தசாவதாரச் சீட்டு என்று பெயர். வட்டமான சீட்டுகள்; அவதாரம் ஒன்றுக்குப் பன்னிரண்டாகப் பத்து அவதாரங்களுக்கு நூற்றிருபது. பழந்துணியை மடிப்பு மடிப்பாக ஒட்டி, காயவைத்து, சுண்ணம் பூசி, தேய்த்து வழுவழுப்பாக்கி, பின்புறம் அரக்கு ஏற்றி, முன்புறம் சித்திரம் எழுதுகிறார்கள். மச்சம், கூர்மம், வராகம் எல்லாம் முறையாக இருக்கின்றன. புத்தாவதாரத்துக்கு மட்டும் பூரி ஜகந்நாதரை எழுதிவிடுகிறார்கள். துணியை ஒட்டுவதற்கு என்ன பசை என்று விசாரித்தேன். புளியங்கொட்டைப் பசை! நம் ஊர்களில் தறிக்காரர்களும் அட்டை ஒட்டுகிறவர்களும் அறிந்த அதே பசைதான். ஜாமினி ராய் சீமை வர்ணக் குழாய்களைத் தள்ளிவைத்தபோது வர்ணத்தைக் குழைப்பதற்கு எடுத்துக்கொண்டதும் இந்தப் புளியங்கொட்டைதான்.

மறுநாள் பெலியாதோருக்குப் போனோம். பாங்குரா நகரிலிருந்து துர்க்காபூர் போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர். இந்த ஊர் வழியாக 1916-17-ல் ஒரு குட்டி ரயில் போட்டார்கள். பாங்குரா தாமோதர் ரயில்வே என்பது அதன் பெயர். பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான பி.டி.ஆர். என்பதை வைத்துக்கொண்டு, 'படோ துக்கேர் ரெயில்' - அதாவது மகா துக்க ரயில் - என்று ஜனங்கள் விரித்துரைத்தார்கள். அவ்வளவு மெதுவாகப் போகுமாம். பிற்காலத்தில் அது அகலப்பாதையாக மாறிவிட்டது. துக்கம் தீர்ந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. நாங்கள் பஸ்ஸில் போனோம்.

பெலியாதோரில் கண்ணைப் பறிக்கும் காட்சி எதுவும் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு கடைவீதி. செம்மண் சந்துகள். வைக்கோற்போர். அல்லிக் குளம். மேச்சா ஸந்தேஷ் என்று கடலைமாவில் செய்து சர்க்கரைப் பாகு பூசிய ஒரு தித்திப்பு இந்த ஊரின் பிரசித்தமான பண்டம். லட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். பிறகு ஆளுக்கு இன்னும் இரண்டு.

ஆனால் இந்தச் சின்ன ஊர் பழைய பொருளைத் தேடும் இரண்டு பேரை வங்காளத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஒருவர் ஜாமினி ராய். மற்றொருவர் வசந்தரஞ்சன் ராய் என்னும் பண்டிதர். அவர் ஊர் ஊராக ஓலைச்சுவடியும் பழைய கையெழுத்துப் பிரதியும் தேடி அலைந்தவர். 1909-ல் விஷ்ணுபூருக்கு அருகில் காங்கில்யா என்ற கிராமத்தில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் அவருக்கு ஒரு சுவடிக்கட்டு அகப்பட்டது. படு சண்டிதாஸரின் ஸ்ரீகிருஷ்ண கீர்த்தனம் அது. 1916-ல் அச்சேறியபோது வங்க மொழியின் வயதே கூடிவிட்டது. நம்முடைய மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களை நினைக்காமல் இதைக் கேட்க முடியுமா? ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டதும் ஜாமினி ராய் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1887.

சுவடி தேடுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கிடைத்த சுவடியை உள்ளபடி அச்சிட்டால் போதும், மாற்றினால்தான் குற்றம். சித்திரக்காரருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கிடைத்த பழஞ்சித்திரத்தை உள்ளபடியே எழுதினால், அது நகல். மாற்றி எழுதினால், "எந்த உரிமையில் மாற்றினாய்?" என்ற கேள்வி வரும். ஜாமினி ராய் இந்த இடுக்கில் சில வருஷங்கள் அகப்பட்டுக்கொண்டிருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் அவர் கண்ணில் பட்டவை காளிகட்டத்துப் படங்கள். காளி கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் காசு இரண்டு காசுக்கு வாங்கிப் போவதற்காகச் சித்திரக்காரர்கள் கடைவீதியில் உட்கார்ந்து வேகவேகமாக எழுதித் தள்ளிய காகிதப் படங்கள் அவை. தூரிகையை ஒரு முறை வைத்து எடுப்பதற்குள் ஒரு தோள் வந்துவிடும். இன்னொரு முறை இழுத்தால் பூனை வாயில் இறாலோடு நிற்கும். இயந்திர அச்சுப்படங்கள் மலிவாக வந்ததும் இந்தத் தொழில் நசித்துப் போயிற்று. நம் வீட்டுப் பூஜை அறைகளில் ரவிவர்மாவின் லக்ஷ்மியும் சரஸ்வதியும் குடியேறிய அதே அச்சு வெள்ளம்தான் அங்கும் பாய்ந்தது. ஜாமினி ராய் அந்தக் கோட்டின் வீச்சைப் பிடித்துக்கொண்டு சில காலம் எழுதினார். ஆனால் பட்டணத்து ஜனங்களின் ருசிக்கு இணங்கிப் போன கலை இது, இதற்கும் பின்னால் ஊற்று ஒன்று இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கிராமங்களுக்குப் போனார். பழைய படங்களைச் சேகரித்தார். தாம் சிறு பையனாகப் பெலியாதோரில் பார்த்துக்கொண்டு நின்ற குயவர்களையும், பொம்மை செய்கிறவர்களையும், படச்சுருளை விரித்துக் கதை பாடுகிறவர்களையும் மறுபடியும் போய்ப் பார்த்தார். இந்த முறை மாணாக்கனாக.

கதை பாடும் சித்திரக்காரர்களை வங்காளத்தில் 'பட்டுவா' என்பார்கள். உச்சரிப்பில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். அழுத்தம் குறைந்தால் தமிழில் வசவாகிவிடும்! 'பட்' என்றால் துணியில் எழுதிய சித்திரம். நாம் 'படம்' என்று சொல்லுவதும் அதே சொல்தான். துணி என்பதே அதன் பழைய பொருள். நீண்ட சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே பாடுகிறார்கள். அவர்களில் பலர் மதத்தால் முஸல்மான்கள். பாடுவதோ இராமாயணமும் பாகவதமும். இதைப்பற்றி அவர்கள் வீட்டில் யாரும் கூட்டம் போட்டு விவாதிப்பதாகத் தெரியவில்லை.

பாங்குராவிலும் அதை ஒட்டிய சீமைகளிலும் ஸந்தால் மக்களிடையே போகும் ஜாதுபட்டுவா என்னும் சித்திரக்காரரின் வழக்கம் ஒன்று என் மனத்தை மிகவும் பாதித்தது. ஸந்தால் குடும்பம் ஒன்றில் யாராவது இறந்துபோனால், அந்தச் செய்தி தெரிந்து சித்திரக்காரர் வருவார். கையில் ஒரு சிறு படம் இருக்கும். இறந்தவர் ஆணானால் ஆண் உருவம், பெண்ணானால் பெண் உருவம், குழந்தையானால் குழந்தை. எல்லாம் எழுதியிருக்கும், கருவிழியைத் தவிர. "உங்கள் மனிதர் மறு உலகத்தில் கண் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிறார்" என்பார். வீட்டார் தங்களால் இயன்ற நெல்லோ, காசோ, பாத்திரமோ கொடுத்ததும் தூரிகையைத் தொட்டு இரண்டு புள்ளி வைப்பார். இறந்தவருக்குப் பார்வை வந்துவிடும். சக்ஷுதானம் என்று அதற்குப் பெயர். இதைத் தந்திரமான பிழைப்பு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் சித்திரக்காரனுடைய இரண்டு புள்ளிக்கு இவ்வளவு சக்தி உண்டென்று நம்பும் ஜனங்கள் நடுவில் பிறப்பது ஒரு கொடுப்பினை அல்லவா? வங்காளத்துத் துர்க்கை பிரதிமைக்கும் மகாளய அமாவாசை அன்றுதான் கண் எழுதுவது மரபு. நம் ஸ்தபதிகள் விக்கிரகத்துக்குக் கடைசியில் கண் திறப்பதும் இதுவே.

ஜாமினி ராயின் சித்திரங்களில் சில கண்கள் கருவிழி இல்லாமல் வெறுமையாக நீண்டு கிடக்கும். ஏன் அப்படி எழுதினார் என்று அறிஞர்கள் பல காரணங்கள் சொல்லுகிறார்கள். பெலியாதோர்ச் சந்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிய காரணம், எங்கோ ஒரு ஸந்தால் குடிசை வாசலில் ஒரு பையன் பாதி எழுதிய படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்பது. இதற்கு அத்தாட்சி கேட்காதீர்கள். என் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

வர்ணங்களையும் அவர் சுருக்கிக்கொண்டார். செங்காவி, மஞ்சட்காவி, பச்சை, சிந்தூரம், சாம்பல், நீலம், வெள்ளை - இந்த ஏழுக்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டார். கோட்டுக்கு விளக்குக் கரி. சீமைத் துணிக்குப் பதில் சாதாரணத் துணி, பலகை, பாய். மூன்று பெண்கள், தாயும் சேயும், கிருஷ்ணனும் பலராமனும், இடையர்கள், பூனை, யானை, ஏசுநாதர் - இவற்றையே திரும்பத் திரும்ப எழுதினார். ஏசுநாதரும் அவர் கையில் பாங்குராக் கிராமத்தாராகவே ஆகிவிட்டார். 1934-ல் அகில இந்தியக் கண்காட்சியில் வைசிராயின் தங்கப் பதக்கம் கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கல்கத்தாவில் தங்கிய ஆங்கில, அமெரிக்கச் சிப்பாய்கள் அவர் படங்களை வாங்கிச் சென்றார்கள். 1946-ல் லண்டனிலும், 1953-ல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடந்தன. 1954-ல் பத்மபூஷண். 1972-ல் காலமானார். அவருடைய சித்திரங்களைத் தேசியச் செல்வம் என்று அறிவித்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் அரசாங்கம் தடுத்திருக்கிறது.

ஒரே படத்தை அவரும், அவர் புதல்வரும், கூட இருந்த உதவியாளர்களும் பல பிரதிகள் எழுதியதுண்டு. விலையையும் குறைவாகவே வைத்திருந்தார். நடுத்தரக் குடும்பத்து வங்காளி தன் வீட்டுச் சுவரில் ஒரு நல்ல படம் மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு படத்துக்கு ஒரே பிரதிதான் என்னும் மேனாட்டுக் கொள்கையைக் கிராமத்துச் சித்திரக்காரன் கேட்டால் விழித்திருப்பான். ஜாமினி ராய் கிராமத்தான் பக்கம் நின்றார். இதன் பலனாக இன்று போலிப் படங்கள் ஏராளமாக நடமாடுகின்றன. வியாபாரிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக நான் அதிகமாக வருத்தப்படவில்லை.

ஆனால் வேறு ஒரு வருத்தம் இருக்கிறது. அதைச் சொன்னவள் என் தமையனார் மகள். சுசுனியா மலையடிவாரத்தில் பரத்பூர் என்ற சிற்றூரில் பட்டுவாக் குடும்பங்கள் சில இருக்கின்றன. கல்லை இழைத்து வர்ணம் எடுக்கிறார்கள். அங்கே போய், ஒரு சுருளை விரித்துப் பாடக் கேட்டோம். பாடினவருக்கு அறுபது வயது இருக்கலாம். பாட்டு முடிந்ததும் அவர் சொன்ன விலை, எங்கள் இரண்டு பேருடைய பஸ் கட்டணத்தைவிடச் சற்று அதிகம்.

திரும்பும் வழியில் அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஜாமினி ராய்க்குப் பதக்கம் வந்தது, சித்தப்பா. இவருடைய தாத்தாவுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள்.

நான் வக்கீல் மாதிரி ஏதோ சொல்லிப் பார்த்தேன். ஜாமினி ராய் அதைப் பார்க்காவிட்டால் நாம் இருவரும் இந்தச் சிற்றூருக்கு வந்திருக்கவே மாட்டோம் என்றேன். அது உண்மைதான். அவருக்கும் அது பிதுரார்ஜிதமாகக் கையில் வந்து விழவில்லை. அவர் பட்டுவாக் குலத்தில் பிறந்தவர் அல்ல, நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த கையை மறக்கச் செய்து, நடுவயதில் குழந்தையைப்போல் மறுபடி கோடு போடக் கற்றுக்கொண்டவர் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான். இந்த உண்மைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த அறுபது வயதுக்காரர் சொன்ன விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

"அப்படியானால் நான் என்ன எழுதுவது? இந்தக் கண்ணை எழுதினால் ஜாமினி ராயின் நகல். என் தாத்தா வீட்டில் தஞ்சாவூர்ப் படம் இருந்தது; அதை எழுதினால் தங்க ரேக்குக் கடை" என்றாள்.

"உன் கொள்ளுப்பாட்டி மார்கழி மாதத்தில் என்ன எழுதினாள்?" என்று கேட்டேன்.

"அதை யார் சித்திரம் என்று சொன்னார்கள்? தினம் அழிந்து போகிறது."

"காளிகட்டத்துப் படத்தையும் ஒரு காலத்தில் யாரும் சித்திரம் என்று சொல்லவில்லை" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பஸ்ஸின் ஆட்டத்தில் அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் முழங்காலின்மேல் ஏதோ புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. நான் பார்க்காதவன் போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி நாள் பஞ்ச்முராவுக்குப் போனோம். பாங்குராக் குதிரை என்று இந்தியா முழுவதும் பெயர் வாங்கிய மண் குதிரை இங்கே பிறக்கிறது. தர்ம தாகூர் என்னும் கிராம தேவதைக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்துவதற்கென்று தொடங்கிய வேலை இது. நம் ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் மண் குதிரைகளுக்கும் இவற்றுக்கும் என்ன உறவோ, தெரிந்தவர்கள் ஆராயட்டும். நம் குதிரைக்குக் கோபம் அதிகம், பல்லைக் காட்டும். பாங்குராக் குதிரை பரம சாது. கழுத்தை நிமிர்த்தி, காதை உயர்த்தி, யாரோ கூப்பிட்டது காதில் விழுந்ததுபோல் நிற்கிறது.

ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தோம். குதிரையை முழுசாகப் பிடித்துவைக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான்கு கால், உடல், கழுத்து எல்லாம் சக்கரத்தில் தனித்தனியாகக் குடம் வனைவதுபோல் உள்ளே கூடாக வனைகிறார்கள். பிறகு பச்சை மண்ணால் ஒட்டுகிறார்கள். ஒட்டின இடம் தெரியாமல் விரலால் நீவி, மேலே மணியும் மாலையும் சேணமும் வைத்து, வெயிலில் காயவைத்து, சூளையில் அடுக்குகிறார்கள். புகையை வெளியே விட்டால் செங்குதிரை; அடைத்து வைத்தால் கருங்குதிரை. காதும் வாலும் மட்டும் கடைசி வரையில் தனி.

குயவர் பச்சை மண்ணில் ஒரு உருண்டையை எடுத்து என் தமையனார் மகள் கையில் கொடுத்தார். அவள் அதில் ஒரு காது செய்தாள். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை நசுக்கித் திரும்பக் கொடுத்தார். இன்னொன்று செய்தாள். அதையும் நசுக்கினார். நாலாவது தடவை அவர் நசுக்கவில்லை. மற்றக் காதுகளோடு பலகையின் ஓரத்தில் காயவைத்தார். அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது.

இரண்டு குதிரைகள் வாங்கினோம். குயவரின் மனைவி உடலை வைக்கோலில் சுற்றிக் கட்டினார். காதுகளையும் வாலையும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, "ரயிலில் இவற்றை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. ஊருக்குப் போய்ச் செருகிக்கொள்ளலாம். வலது காது எது, இடது காது எது என்று மாற்றிவிடாதீர்கள்" என்று மும்முறை சொல்லி அனுப்பினார்.